செஞ்சிக் கோட்டைக்கு முதன்முறை செல்பவர்களுக்கு

செஞ்சிக்கு வருகிறவர்களில் பலர் நேராக ராஜகிரி மலையின் உச்சிக்கு ஏறிப் படம் எடுத்துக்கொண்டு, களைத்து இறங்கி, அடிவாரத்துக் கட்டடங்களைத் திரும்பிப் பார்க்கக்கூடத் தெம்பில்லாமல் பேருந்து ஏறிவிடுகிறார்கள். வேறு சிலர் அடிவாரத்தில் உள்ள கல்யாண மகாலின் முன்னால் காலை நேரம் முழுவதையும் செலவழித்துவிட்டு, வெயில் ஏறியபின் மலையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டு வகையினருமே பாதிக் கோட்டையைத்தான் பார்க்கிறார்கள். மேலே நின்ற காவலனுக்கு வேண்டிய சோறு எங்கே சேர்த்து வைக்கப்பட்டது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, பகைவன் எந்த வாசலில் எவ்வளவு நேரம் தடுக்கப்பட்டான் என்ற கேள்விகளோடு சுற்றினால், மலையும் அடிவாரமும் சேர்ந்த ஒரே அமைப்பாகச் செஞ்சி விளங்கத் தொடங்கும். ஒரே நாளில் அதைப் பார்த்து முடிக்க விரும்பும் புதியவர்களுக்கு, எதை எந்த வரிசையில் பார்க்கலாம் என்று இங்கே சொல்ல முயல்கிறேன்.

புறப்படுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

செஞ்சி ஒற்றை மலைக்கோட்டை அன்று. மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து முக்கோணமாக அமைத்த கோட்டை இது. வெளிமதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். மூன்றில் உயர்ந்ததும் வலிமையானதும் ராஜகிரி. அதன் உச்சி சுற்றியுள்ள வயல்வெளியிலிருந்து சுமார் 800 அடி உயரத்தில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் ராஜகிரியை ராஜா கோட்டை என்றும், கிருஷ்ணகிரியை ராணி கோட்டை என்றும் சொல்வார்கள். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் எளிதில் புரிந்துகொள்வார். சந்திரகிரி முட்புதர் மண்டிக் கிடப்பதால் முதல் பயணத்தில் அதைத் தொலைவிலிருந்து பார்ப்பதோடு விட்டுவிடுவது நல்லது.

வரலாற்றையும் ஓரளவு அறிந்துகொண்டு போவது பயன்தரும். கோன் மரபினரான ஆனந்தக்கோன் முதலில் இங்கே அரண் எழுப்பினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பிறகு விஜயநகரத்தின் கீழ் செஞ்சி நாயக்கர்கள் ஆண்டபோதுதான் இது பெருநகராக வளர்ந்தது. 1597-இல் இங்கு வந்த பிமென்டா என்ற இயேசு சபைப் பாதிரியார், இந்தியாவில் தாம் கண்ட பெரிய நகரங்களில் இது ஒன்று என்றும், போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர வேறெந்த நகரும் இதற்கு ஈடாகாது என்றும் பொருள்பட எழுதியிருக்கிறார். 1649-இல் பிஜப்பூர் சுல்தானியமும் 1677-இல் சிவாஜியும் கோட்டையைக் கைப்பற்றினார்கள். சிவாஜியின் மகன் ராஜாராம் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி வந்து இங்கே தங்கியிருந்த காலத்தில், 1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகர் கான் இதை முற்றுகையிட்டார். 1714-இல் தேசிங்குராஜன் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துப் போரிட்டு, இளவயதிலேயே களத்தில் மாண்டார். 1750-இல் பிரெஞ்சுக்காரர்களும் 1761-இல் ஆங்கிலேயர்களும் கோட்டையைப் பிடித்தார்கள். 2025 ஜூலையில் மராட்டியர் கால இராணுவ நிலவமைப்பு என்ற தொகுப்பின் கீழ் யுனெஸ்கோ 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்க, அதற்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சிதான்.

இவற்றுள் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று அந்த நீண்ட முற்றுகை. மேலே ஏறும்போதும் கீழே சுற்றும்போதும் கண்ணில் படும் குளம், சுனை, களஞ்சியம் ஒவ்வொன்றும் அந்த எட்டு ஆண்டுகளுக்குப் பதில் சொல்கின்றன.

எப்போது, எப்படிப் போவது

மார்கழி, தை, மாசி மாதங்கள் மிகவும் உகந்தவை. பங்குனி பிறந்துவிட்டால் பாறை காலை பத்து மணிக்கே சுடத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் முதியவர்களையும் சிறு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு மலையேறுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளங்கள் நிறைந்து கோட்டை பசுமையாக இருக்கும். ஆனால் காலங்காலமாகக் கால்பட்டு வழுவழுப்பாகிப்போன கருங்கல் படிகள் நனைந்தால் வழுக்கும். மழை தூறினால் மலையை மறுநாளைக்கு ஒத்திவையுங்கள்.

செஞ்சி விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திண்டிவனத்துக்கு மேற்கே ஏறக்குறைய 28 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சென்னை கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் பேருந்துகள் செஞ்சியில் நிற்கும். இரயிலில் வர நினைப்பவர்கள் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். நாள் குறிக்கும்போது நாட்காட்டியில் திதியையும் பார்த்துவிடுவது நல்லது. பௌர்ணமி அன்று கிரிவலத்துக்காகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் கூட்டமும், அமாவாசை அன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குச் செல்லும் கூட்டமும் இந்தச் சாலையில்தான் போகின்றன. அந்த நாட்களில் மாலையில் திரும்பும் பேருந்தில் நிற்க இடம் கிடைப்பதும் அரிது. கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

வெளியூரிலிருந்து வருபவர்கள் முந்தைய இரவே திண்டிவனத்திலோ திருவண்ணாமலையிலோ செஞ்சியிலோ தங்கிவிட்டால், காலையில் வாயில் திறக்கும் நேரத்துக்கே போய்ச் சேர முடியும். ஒருநாள் பயணத்தின் வெற்றி பெரும்பாலும் இதைப் பொறுத்துத்தான் அமைகிறது. பிற்பகலில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு ராஜகிரியில் ஏற அனுமதிப்பதில்லை. இருட்டுவதற்குள் எல்லாரும் இறங்கிவிட வேண்டும் என்பதற்காக இந்தக் கட்டுப்பாடு. ஆகவே மதிய உணவை முடித்துக்கொண்டு ஏறலாம் என்ற திட்டம் வேண்டாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்குக் குறைந்தது இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். மலைவழியில் கடை எதுவும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நல்ல பிடிப்புள்ள காலணி, தொப்பி அல்லது துண்டு, வியர்வையில் இழக்கும் உப்பை ஈடுகட்ட உப்புக்கரைசல் பொட்டலம், பேரீச்சம்பழமோ கடலைமிட்டாயோ சிறிதளவு போதும். தின்பண்டத்தை வெளியே தெரியும்படி பாலித்தீன் பையில் கொண்டுபோகக் கூடாது; இங்கே குரங்குகள் அதிகம், பையின் சரசரப்பு கேட்டாலே அவை பக்கத்தில் வந்துவிடும். எல்லாவற்றையும் முதுகுப்பையில் போட்டு மூடி, இரு கைகளும் வெறுமையாக இருக்கும்படி ஏறுங்கள். குரங்கு நெருங்கினால் கத்தவோ கல்லெறியவோ வேண்டாம். கண்ணோடு கண் பார்க்காமல் நிதானமாக நடந்து கடந்துவிட்டால் போதும்.

நுழைவுச்சீட்டை வாயிலிலேயே வாங்கலாம். இந்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களுக்கு இணையவழியிலும் வாங்க முடியும். பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. நாள் முடியும்வரை சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்; கிருஷ்ணகிரியில் ஏறும்போதும் கேட்கக்கூடும்.

முதலில் ராஜகிரி

செஞ்சி பேருந்து நிலையத்திலிருந்து கோட்டை சுமார் இரண்டு கிலோமீட்டர். திருவண்ணாமலை நெடுஞ்சாலை கோட்டையை ஊடறுத்தே செல்கிறது. வலப்புறம் கிருஷ்ணகிரியும், இடப்புறம் கிளைச்சாலையில் சற்று உள்ளே போனால் ராஜகிரி நுழைவாயிலும் வரும். நடந்து போகலாம் என்றாலும், ஏறுவதற்குரிய பலத்தைச் சேமித்துக்கொள்ள ஆட்டோவில் போவதே சிறந்தது.

உள்ளே நுழைந்ததும் கல்யாண மகாலின் கோபுரம் உங்களை இழுக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு, மலைக்குச் செல்லும் பாதையைப் பிடியுங்கள். காலை வெயிலின் முதல் இரண்டு மணி நேரம் மலைக்கு உரியது. தொடக்கத்தில் மரநிழல் இருக்கும். சற்று ஏறியதும் ஒழுங்கற்ற உயரமுள்ள கற்படிகள் தொடங்கும். சில படிகள் முழங்கால் உயரத்துக்கு இருக்கும், சில இடங்களில் பாறையிலேயே வெட்டியிருப்பார்கள். வேகமாக ஏறி அடிக்கடி உட்காருவதைவிட, மூச்சு வாங்காத அளவில் ஒரே சீராக ஏறுவதுதான் உடம்புக்கு நல்லது. சாதாரண உடல்நிலை உள்ளவருக்கு உச்சியை அடைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்; ஒன்றரை மணி நேரம் ஆனாலும் குறையில்லை. முழங்கால் வலியோ இதயநோயோ உள்ளவர்கள் கட்டாயப்படுத்தி ஏற வேண்டியதில்லை. அடிவாரக் கோட்டையைச் சரியாகப் பார்க்கவே அரைநாள் வேண்டும்.

பாதிவழியில் கமலக்கண்ணியம்மன் கோயில் வரும். மலையின் காவல் தெய்வமாக ஊர்மக்கள் வழிபடும் இந்த அம்மனுக்கு இன்றும் பூசை நடக்கிறது. ஆகவே இதை வரலாற்றுச் சின்னமாக மட்டும் எண்ணாமல், கோயிலுக்குரிய மரியாதையோடு காலணியைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். ஓய்வெடுக்கவும் இதுதான் தகுந்த இடம். இங்கிருந்து மேலே நிழல் குறைவு என்பதால் தண்ணீர் எவ்வளவு மீதமிருக்கிறது என்று பாருங்கள். பாதிக்குக் கீழே போயிருந்தால் இங்கேயே திரும்பிவிடுவது அறிவுடைமை.

ஏறும் வழியில் ஒன்றன்பின் ஒன்றாக வாசல்கள் வரும். ஒவ்வொன்றிலும் சற்று நின்று, உள்ளே நுழைந்த பாதை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனியுங்கள். வாசலை உடைத்து நுழைந்தவன் நேராக ஓட முடியாதபடி பாதை திடீரென வளைந்து, மேலே இருக்கும் மதிலுக்குக் கீழாகவே அவனை நடத்திச் செல்லும். மதிலைப் பார்க்கும்போது இன்னொன்றும் புலப்படும்: பெரும்பாறை நிற்கும் இடத்தில் மதில் கட்டப்படவில்லை, பாறைக்கும் பாறைக்கும் இடைப்பட்ட பிளவு மட்டுமே கல்லால் அடைக்கப்பட்டிருக்கிறது. உருண்டு திரண்ட கருங்கற்கள் குவிந்த குன்று இது. அதைக் கோட்டையாக்கியவர்கள் குன்றின் போக்கோடு இசைந்து கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் செஞ்சியில் என்னை மிகவும் வியக்கவைப்பது.

உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து ஆழமான பள்ளம் குறுக்கிடும். சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட இந்தப் பிளவின்மேல் ஒரு காலத்தில் மரப்பாலம் இருந்தது. அதை எடுத்துவிட்டால் உச்சிக்குச் செல்ல வேறு வழியில்லை. இன்று பாதுகாப்பான பாலத்தின்மீது சில நொடிகளில் கடந்துவிடலாம். ஆனால் அப்படிக் கடந்துவிடாமல், நடுவில் நின்று கீழே பார்த்துவிட்டு, அப்புறம் எதிரே உள்ள குறுகிய வாசலையும் பாருங்கள். கீழ்க்கோட்டை விழுந்தபின்னும் சிலரை மட்டுமே வைத்துக்கொண்டு மேற்கோட்டையைக் காக்க முடிந்திருக்கும் என்பது அங்கே நின்றால் தெளிவாகத் தெரியும். குழந்தைகளை இந்த இடத்தில் கையைப் பிடித்தே அழைத்துச் செல்ல வேண்டும்.

உச்சியில் அரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், வெடிமருந்துக் கிடங்கு ஆகியவை இருக்கின்றன. எல்லாவற்றையும் சுற்றியபின், மேலே நீர் தேங்கும் சுனைகளைத் தேடிப் பாருங்கள். களஞ்சியமும் சுனையும் அருகருகே இருப்பதன் காரணம் அப்போது சொல்லாமலே விளங்கும். காற்று பலமாக வீசும் இடம் என்பதால் விளிம்பில் நின்று படம் எடுப்பது, கைப்பிடி இல்லாத மதிலின்மேல் ஏறுவது ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். பாறையின் அடியிலோ மண்டப விதானத்திலோ தேன்கூடு கண்ணில் பட்டால் அருகில் போகாதீர்கள், புகைக்காதீர்கள், வாசனைத் திரவியம் பூசிக்கொண்டும் வராதீர்கள். மலைத்தேனீ கலைந்தால் படியில் ஓடித் தப்புவது கடினம்.

இறங்கும்போதுதான் விபத்துகள் அதிகம் நேர்கின்றன. கால்கள் தளர்ந்திருக்கும், கண் காட்சியில் இருக்கும். உயரமான படிகளில் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு காலாக வைத்து இறங்குங்கள்.

பிறகு அடிவாரம்

இறங்கி, தண்ணீர் குடித்து, அரைமணி நேரம் மரத்தடியில் அமர்ந்தபின் கீழ்க்கோட்டையைத் தொடங்கலாம். முதலில் நெற்களஞ்சியம். கனத்த சுவர்களும் வளைந்த கூரையும் கொண்ட இந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தால் வெளியே இருக்கும் வெப்பம் சட்டென்று குறைவதை உணரலாம். தானியம் கெடாமல் காக்க அந்தக் குளிர்ச்சி எவ்வளவு உதவியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்துக் கல்யாண மகால். சதுரமான முற்றத்தைச் சுற்றி அறைகளும், நடுவே அடுக்கடுக்காக உயர்ந்து கூம்பு வடிவக் கூரையில் முடியும் கோபுரமும் உள்ள இந்தக் கட்டடத்துக்கு, சுடுமண் குழாய்கள் மூலம் குளத்துநீர் கொண்டுவரப்பட்டது என்று சொல்கிறார்கள். கோபுரத்தில் ஏற அனுமதி இருந்தால் குறுகிய படிகளில் ஒருவர்பின் ஒருவராகச் செல்லுங்கள். அருகிலேயே குதிரை லாயம் என்று சொல்லப்படும் வளைவு அறைகளின் வரிசையும், யானைக்குளமும், அரண்மனையின் அடித்தளமும் இருக்கின்றன. அரண்மனையில் பார்க்கச் செங்கல் வரிசைகள் மட்டுமே மிஞ்சியுள்ளன; ஆனாலும் ஒரு நாயக்கர் காலத் தலைநகரின் பரப்பை அளந்து உணர அதைவிட நல்ல இடம் இல்லை.

அங்கிருந்து சக்கரக்குளம், செட்டிக்குளம் ஆகியவற்றுக்கு நடந்து போகலாம். செட்டிக்குளத்தின் கரையில் உள்ள மேடையில்தான் தேசிங்குராஜனின் உடல் எரியூட்டப்பட்டது என்றும், அவருடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினார் என்றும் வழங்கி வருகிறது. இந்தப் பகுதி நாட்டார் பாடல்களில் தேசிங்கு இன்றும் வாழ்கிறார். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் ஆர்வத்தோடு சொல்வார்கள், பொறுமையாகக் கேளுங்கள். குளத்தருகே பெரிய பாறை ஒன்றின்மேல் வட்டச் சுவர் கட்டிய கைதிக் கிணறு இருக்கிறது. மரண தண்டனை பெற்றவர்களை அதற்குள் தள்ளிப் பட்டினி போட்டார்கள் என்று சொல்வதுண்டு. தேசிங்குராஜனின் வீழ்ச்சிக்குப் பின் எழுந்த சாதத்துல்லா கான் மசூதியையும் இதே பகுதியில் பார்க்கலாம்.

கீழ்க்கோட்டையில் நேரம் குறைவாக இருந்தாலும் விடக் கூடாதது வெங்கடரமணர் கோயில். நாயக்கர் காலத்தில் எழுந்த இந்தப் பெரிய கோயிலின் கோபுர வாசலில் நின்று, உட்பக்கச் சுவரில் உள்ள சிற்பத் தொகுதிகளை வரிசையாகப் பாருங்கள். இராமாயணக் காட்சிகளும் திருமாலின் அவதாரங்களும் பாற்கடல் கடைவதும் அங்கே செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே வெறிச்சோடிக் கிடக்கும் சில இடங்களைப் பார்த்து மனம் கனக்கும். சிற்பங்களைக் கையால் தடவுவது, சுவரில் பெயர் எழுதுவது ஆகியவற்றைச் செய்ய வேண்டாம் என்று மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கோட்டையின் சுண்ணாம்புப் பூச்சுக்குப் பீரங்கியைவிட அதிகச் சேதம் செய்திருப்பவை கிறுக்கல்களோ என்று தோன்றும் அளவுக்கு அவை பெருகிவிட்டன.

கிருஷ்ணகிரியும் அக்கம்பக்கமும்

காலையில் விரைவாகத் தொடங்கியவர்களுக்கும், கால்களில் தெம்பு மீதமுள்ளவர்களுக்கும் மட்டும் அதே நாளில் கிருஷ்ணகிரி. இது ராஜகிரியைவிடத் தாழ்ந்தது, படிகளும் சீராக இருக்கும். மேலே களஞ்சியங்கள், எண்ணெயும் நெய்யும் சேமித்ததாகச் சொல்லப்படும் தொட்டிகள், கோயில்கள் ஆகியவற்றோடு, குவிமாடமும் வளைவுச் சாளரங்களும் கொண்ட தர்பார் மண்டபம் நிற்கிறது. அந்தச் சாளரத்தருகே அமர்ந்தால் எதிரே ராஜகிரி முழுதாகத் தெரியும். காலையில் ஏறிய பாதையை, வாசல் வாசலாக, இங்கிருந்து விரலால் தொட்டுக் காட்டலாம். குடும்பத்தில் ராஜகிரி ஏற முடியாதவர்கள் இருந்தால் அவர்களுக்குக் கிருஷ்ணகிரியைக் காட்டுவது நல்ல மாற்று.

இரண்டாவது நாள் கிடைத்தால் செஞ்சிக்கு வடக்கே மிக அருகில் உள்ள சிங்கவரத்துக்குப் போய், பல்லவர் காலக் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதரைச் சேவிக்கலாம். அதன் பக்கத்திலேயே திருநாதர்குன்றில், ஒரே பாறையில் 24 சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்களும், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டும் இருக்கின்றன. விழுப்புரம் வழியாகத் திரும்புபவர்கள், மகேந்திரவர்ம பல்லவன் செங்கல், மரம், உலோகம், சுதை இன்றிக் குடைவித்ததாகக் கல்வெட்டில் கூறும் மண்டகப்பட்டுக் குகைக்கோயிலில் சற்று இறங்கலாம். புதுச்சேரி வழியாகத் திரும்புபவர்கள் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கருங்கல் தூண்களைப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். அவை பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து எடுத்துச் சென்றவை என்று சொல்லப்படுகிறது, வெங்கடரமணர் கோயிலைப் பார்த்த கண்ணுக்கு அவற்றின் வேலைப்பாடு புதிதாக இராது.